மடித்து வைக்கலாம், மறைத்துவிடக் கூடாது

(செவ்வாய்ப்பேட்டையில் நடைபெற்ற பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில், பொறியாளராகப் பணியாற்றும் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போனில் அழைத்தபோது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "நீ செய்யற வேலையைப் பத்தியே பேசு. ஆனா சிவில்காரங்க, மெக்கானிக்கல்காரங்க எல்லாருக்கும் புரியணும்" என்றார். என் வேலை மேஜைக் கணிப்பொறிக்கு மென்பொருள் எழுதுவது. அதில் ஒரு சின்னப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பார்க்கச் சாதாரணமாகத் தெரியும். ஆனால் அதில் ஒரு மனிதனின் நாணயமே தொங்கிக்கொண்டிருக்க முடியும் என்பதை நான் இதே செவ்வாய்ப்பேட்டையில்தான் தெரிந்துகொண்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இடப்பக்கம் ஒரு பட்டியலைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கோப்புறை, அதன் உள்ளே கோப்புறைகள், அவற்றின் உள்ளே இன்னும் கோப்புறைகள். பக்கத்தில் உள்ள குறியைத் தட்டினால் விரியும், மறுபடி தட்டினால் மடங்கும். 1995-ல் வந்த விண்டோஸ் 95 இதை வீட்டுக்கு வீடு கொண்டுவந்தது. இதைக் கிளைப் பட்டியல் என்று வைத்துக்கொள்வோம். நூறு உருப்படி இருந்தால் இதில் ஒரு சிக்கலும் இல்லை. ஆறு லட்சம் இருந்தால்?

மூன்றரை கிலோமீட்டர் பட்டியல்

ஆறு லட்சம் என்பது சும்மா மிரட்டச் சொன்ன எண் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 35 மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும், 640 மாவட்டங்கள், 5,924 வட்டங்கள், 7,935 நகரங்கள், 6 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்கள். மொத்தம் ஏறக்குறைய 6 லட்சத்து 55 ஆயிரம் பெயர்கள். நாடு, மாநிலம், மாவட்டம், வட்டம், கிராமம் என்று அழகான கிளைப் பட்டியல்.

இதை முழுக்க விரித்துத் திரையில் போட்டால் என்ன ஆகும்? ஒரு வரிக்கு 20 புள்ளி உயரம் என்று வையுங்கள். மொத்தம் 1 கோடியே 31 லட்சம் புள்ளி. அங்குலத்துக்கு 96 புள்ளி என்ற வழக்கமான கணக்கில் சுமார் மூன்றரை கிலோமீட்டர் நீளம் வருகிறது. ஆனால் நம் திரையின் உயரம் 1,080 புள்ளி. ஒரு நேரத்தில் தெரிவது ஐம்பது வரி.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பக்கத்தில் இருக்கும் உருள்பட்டையின் நீளம் ஆயிரம் புள்ளி என்றால், மவுஸை ஒரே ஒரு புள்ளி நகர்த்தினால் 655 வரிகள் தாண்டிப் போய்விடும். ஓமலூரைப் பார்த்துக்கொண்டிருப்பவர் கை லேசாக நடுங்கினால் வேறொரு மாவட்டத்தில் போய் நிற்பார். ஆகவே முழுவதையும் கொட்டி வைத்து, "உருட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வது பயனாளிக்குச் செய்யும் உதவியே இல்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்? வழி இரண்டு. இரண்டுக்குமே நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது.

லீ பஜாரும் பந்தியும்

முதல் வழி, கேட்டபோது கொண்டுவருவது. இங்கே லீ பஜாரில் ஒரு பருப்பு மண்டிக்குப் போங்கள். கடை முன்னால் தட்டில் சாம்பிள் இருக்கும். மூட்டைகள் கிடங்கில் இருக்கும். வாடிக்கையாளர் வாசலில் கால் வைத்ததுமே எல்லா மூட்டையையும் இழுத்துக்கொண்டு வந்து முன்னால் அடுக்குகிறவர் யாரும் இல்லை. எது வேண்டும் என்று கேட்ட பிறகுதான் ஆள் உள்ளே போவார்.

மென்பொருளும் அப்படித்தான் இருக்க வேண்டும். திறக்கும்போது 35 மாநிலப் பெயர்கள் மட்டும் போதும். தமிழ்நாட்டைத் தட்டினால், அப்போது அதன் மாவட்டங்கள். சேலத்தைத் தட்டினால் அதன் வட்டங்கள். வாழப்பாடியைத் தட்டினால் அதன் கிராமங்கள். இப்படி ஒரு கிராமத்தைத் தேடிப் போகிறவருக்காகத் தரவுத்தளத்திலிருந்து நாம் எடுத்தது சில நூறு வரிகள்தான். ஆறரை லட்சம் எங்கே, சில நூறு எங்கே!

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வாழப்பாடியைத் திறக்காமலே, அதன் பக்கத்தில் விரிக்கும் குறியைப் போடலாமா வேண்டாமா என்று தெரிய வேண்டும். அதற்காக ஒவ்வொரு வட்டத்துக்கும் தனித்தனியே "உனக்குப் பிள்ளை உண்டா?" என்று தரவுத்தளத்தைக் கேட்டால் மிச்சம் பிடித்த நேரமெல்லாம் அதிலேயே போய்விடும். வட்டங்களின் பெயரைக் கேட்கும்போதே, ஒவ்வொன்றின் கீழும் எத்தனை உண்டு என்ற எண்ணிக்கையையும் ஒரே கேள்வியில் சேர்த்து வாங்கிவிட வேண்டும். பெற்றோர் எண் இருக்கும் பத்திக்கு ஒரு இண்டெக்ஸ் போட்டு வைத்தால் இது கண் சிமிட்டும் நேரத்தில் வரும்.

இரண்டாவது வழி, தெரிவதை மட்டும் வரைவது. ஒருவர் ஒரு கிளையைத் திறக்கிறார், அதில் இருபதாயிரம் உருப்படி. கேட்டுவிட்டார், கொடுத்துத்தான் ஆக வேண்டும். அப்போதும் திரையில் தெரியப்போவது ஐம்பது வரிதான்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேர் வந்திருக்கிறார்கள் என்பதற்காக ஆயிரம் இலையா போடுகிறோம்? கூடத்தில் ஐம்பது இடம் என்றால் ஐம்பது இலை. ஒரு பந்தி எழுந்ததும் அதே இடத்தில் அடுத்த பந்தி. திரையிலும் ஐம்பது அறுபது வரிகளை மட்டும் உருவாக்கி, பயனாளி உருட்ட உருட்ட, மேலே மறைந்த வரியையே கீழே கொண்டுவந்து புதுப் பெயரை எழுதிக் காட்டலாம். நினைவகமும் மிச்சம், நேரமும் மிச்சம்.

ஆனால் பழைய இலையை எடுக்காமல் அடுத்தவரை உட்கார வைத்தால் என்ன ஆகும்? மறுபயன்படுத்தும் வரியில் பழைய டிக் குறியோ, பழைய நிறமோ அழியாமல் நின்றால் அதே கதிதான். பயனாளி தேர்ந்தெடுக்காத ஒன்று தேர்ந்தெடுத்ததுபோலத் தெரியும். எனவே எது தேர்ந்தெடுக்கப்பட்டது என்ற தகவலைத் திரையின் வரியில் வைக்காமல், தரவின் அடையாள எண்ணோடு சேர்த்து வைக்க வேண்டும். மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள், வேலைக்குப் போன முதல் வருஷத்திலேயே உதவும்.

உருட்டும்போது நாற்பதாயிரமாவது வரி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு கிளையிடமும் "இப்போது உன்னிடம் விரிந்திருக்கும் வரிகள் எத்தனை?" என்ற எண்ணிக்கையை வைத்திருந்தால் போதும். ஒரு கிளையில் முப்பதாயிரம் என்றால் அதை அப்படியே தாண்டிவிட்டு, மீதிப் பத்தாயிரத்தை அடுத்த கிளையில் தேடலாம். ஒவ்வொரு வரியாக எண்ண வேண்டியதில்லை. எல்லா வரிக்கும் ஒரே உயரம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு இன்னும் எளிது.

இவையெல்லாம் நாமே புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியவை அல்ல. விண்டோஸின் கிளைப் பட்டியலிலேயே, பிள்ளைகள் உண்டா என்பதைப் பிறகு கேட்டுக்கொள்ளும் வசதி உண்டு. ஜாவா ஸ்விங்கின் ஜேட்ரீயில் பெரிய பட்டியலுக்கென்று தனி அமைப்பு இருக்கிறது. 2005-ல் வந்த கியூடி 4, தரவை ஒரு பக்கமும் திரையை மறுபக்கமும் பிரித்து வைத்து, "இன்னும் இருக்கிறதா, கொண்டுவரவா?" என்று கேட்கும் முறையைத் தந்தது. மைக்ரோசாஃப்டின் டபிள்யூபிஎஃப் கிளைப் பட்டியலுக்கு, தெரியும் வரிகளை மட்டும் உருவாக்கும் வசதி 2008-ல் வந்தது. கருவிகள் தயார். அவற்றை எதற்காகப் பயன்படுத்துகிறோம் என்ற தெளிவு நமக்கு வேண்டும்.

அந்த ஐந்நூறு

இனி, முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன்.

செவ்வாய்ப்பேட்டை என்றால் வெல்ல மண்டி மட்டுமா, வெள்ளிக் கொலுசும்தானே! சில வருஷங்களுக்கு முன் இங்கே ஒரு வெள்ளிக் கடையில் கணிப்பொறியைப் பார்த்துத் தரச் சொன்னார்கள். பழக்கம் காரணமாகப் போனேன். கடை பெயரோ, அந்த மென்பொருளை எழுதியவர் யார் என்பதோ இங்கே அவசியமில்லை.

சரக்கு முழுவதும் கிளைப் பட்டியலாக இருந்தது. வகை, அதன் கீழே டிசைன், அதன் கீழே ஒவ்வொரு ஜோடியும். ஜோடிக்கு எதிரே எடையும், எந்தப் பாக்கெட்டில் இருக்கிறது என்ற எண்ணும். பட்டறையிலிருந்து வந்த ஒரு ஜோடியை, சரக்கு எழுதும் பையன் பதிந்து, பாக்கெட்டில் போட்டுவிட்டதாகச் சொல்கிறான். முதலாளி அந்த டிசைனைத் திறந்து கடைசி வரி வரைக்கும் பார்க்கிறார். அந்த ஜோடி இல்லை. பதினோரு நாளாகக் கடையில் யாரும் அந்தப் பையனோடு சரியாகப் பேசவில்லை.

கணக்குப்பிள்ளை அறுபது வயசுக்காரர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, நான் அவனைப் பத்து வருஷமாப் பாக்கறேன். எடுக்கற ஆளு இல்ல. ஆனா கம்ப்யூட்டர்ல இல்லைன்னு வருதே, நான் என்னன்னு சொல்றது?" என்றார்.

"பொறுங்கய்யா, பாத்துருவோம்" என்று சொல்லிவிட்டு, திரையில் அந்த டிசைனின் கீழே இருந்த வரிகளை எண்ணிப் பார்த்தேன். சரியாக 500. கொலுசு ஜோடிகள் இப்படி முழு எண்ணிக்கையில் வந்து நிற்குமா? தரவுத்தளத்தை நேரடியாகக் கேட்டேன். அதே டிசைனின் கீழே 537 இருந்தன. அந்த ஜோடி 512-ஆவது. பாக்கெட் எண்ணும் பதிந்திருந்தது. பாக்கெட்டைப் பிரித்தார்கள். உள்ளே இருந்தது.

நடந்தது இதுதான். அந்த மென்பொருள் முதலில் எல்லா உருப்படியையும் திறக்கும்போதே கொட்டியது. திரை வர அரை நிமிஷம் ஆனது. கடைக்காரர்கள் புகார் சொன்னார்கள். எழுதியவர், ஒரு கிளைக்கு 500 வரி மட்டும் காட்டினால் போதும் என்று ஒரு வரம்பு வைத்துவிட்டார். வேகம் வந்தது. ஆனால் 500-க்கு மேல் இருப்பதைக் காட்டவில்லை என்பதை அந்தத் திரை யாரிடமும் சொல்லவில்லை. "இன்னும் 37 உள்ளன" என்று கடைசியில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தால், அந்தப் பதினோரு நாள் வந்திருக்காது.

முதலாளி நல்ல மனிதர். எல்லோர் முன்னிலையிலும் அந்தப் பையனைக் கூப்பிட்டுப் பேசினார். பையன் ஒன்றுமே சொல்லவில்லை. பாக்கெட்டை மறுபடி கட்டி, இருந்த இடத்தில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டான்.

நண்பர்களே, திரையில் தெரியாததை மனிதர்கள் "இல்லை" என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, அப்படித்தான் எடுத்துக்கொள்ள முடியும். வேகத்துக்காக நாம் மடித்து வைக்கலாம். மடித்து வைத்தே ஆக வேண்டும். ஆனால் மடித்த இடத்தில் மடிப்பு தெரிய வேண்டும்.

மடிப்பு தெரிய நான்கு வழிகள்

முதலாவது, எண்ணிக்கை. மடங்கியிருக்கும் ஒவ்வொரு கிளையின் பக்கத்திலும் உள்ளே எத்தனை என்று போடுங்கள். அந்த எண்ணைத் தரவுத்தளத்தில் எண்ணி எடுங்கள், திரையில் இருப்பதை எண்ணாதீர்கள். இரண்டும் வேறுபட்டால் பயனாளியே கண்டுபிடித்துவிடுவார்.

இரண்டாவது, வழி. பயனாளி ஆழத்தில் இருக்கும்போது, தமிழ்நாடு, சேலம், ஓமலூர் என்று வந்த வழி மேலே தெரிய வேண்டும். நம் கணக்கர்கள் தினமும் பயன்படுத்தும் டேலியைப் பாருங்கள். 1986-ல் பெங்களூரில் தொடங்கிய நிறுவனத்தின் தயாரிப்பு. உள்ளே தயாராக 28 குரூப்புகள். அதில் 15 முதன்மை, 13 துணை. பேலன்ஸ் ஷீட்டில் நின்று எண்டர் தட்டினால் குரூப், மறுபடி தட்டினால் லெட்ஜர், பிறகு மாதம், கடைசியில் அந்த ஒற்றை வவுச்சர். எஸ்கேப் தட்டத் தட்ட வந்த வழியே திரும்பலாம். ஒரு நேரத்தில் ஒரு அடுக்குதான் திரையில். ஆனால் மேல் அடுக்கில் நின்ற தொகை, கீழ் அடுக்கின் கூட்டுத்தொகையோடு பொருந்தி நிற்கும். எந்த அடுக்கிலும் கணக்கர் வழி தவறுவதில்லை.

மூன்றாவது, தேடல். பெரிய பட்டியலில் உருட்டுவதைவிடத் தேடுவதே வழி. ஆனால் "புதூர்" என்று தேடினால் எத்தனை புதூர்! ஒவ்வொன்றும் எந்த வட்டம், எந்த மாவட்டம் என்று முழு வழியோடு வர வேண்டும். திறக்காத கிளைகளுக்குள்ளும் தேட வேண்டும் என்பதால், தேடலைத் திரையில் உள்ள வரிகளில் நடத்தாமல் தரவுத்தளத்தில் நடத்துங்கள்.

இங்கே தமிழுக்கென்று ஒரு எச்சரிக்கை. யூனிகோடு எண் வரிசையும் நம் நெடுங்கணக்கு வரிசையும் ஒன்றில்லை. யூனிகோடில் ன-வுக்குப் பிறகுதான் ல வருகிறது. அதனால் எண் வரிசைப்படி அடுக்கினால் வனவாசி முன்னாலும் வலசையூர் பின்னாலும் வரும். தமிழ் படித்தவர் வலசையூரை முன்னால்தான் தேடுவார். அங்கே இல்லையென்றால், பட்டியலிலேயே இல்லை என்று நினைத்துவிடுவார். மறுபடியும் அதே வெள்ளிக் கடைக் கதை! ஆகவே தமிழ் வரிசை அறிந்த வரிசையாக்கத்தைப் பயன்படுத்துங்கள். அந்த வசதி இயங்குதளங்களிலேயே உண்டு.

நான்காவது, முழுத் தோற்றம். சில சமயம் "எது எங்கே" என்பதைவிட "எது பெரிசு" என்பதே கேள்வி. 1990-ல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னெய்டர்மன் என்ற பேராசிரியருக்கு இந்தக் கேள்வி வந்தது. 14 பேர் பகிர்ந்துகொண்ட 80 மெகாபைட் வன்வட்டு நிரம்பிவிட்டது. யாருடைய கோப்புகள் இடத்தை அடைக்கின்றன? அவர் திரை முழுவதையும் ஒரு நிலம்போல் எடுத்து, கோப்புறைகளின் அளவுக்கேற்பக் கட்டம் கட்டமாகப் பிரித்தார். கட்டத்துக்குள் கட்டம். ட்ரீமேப் என்று அதற்குப் பெயர். இன்று வன்வட்டை ஆராயும் வின்டிர்ஸ்டாட் போன்ற இலவச மென்பொருள்களில் வண்ணக் கட்டங்களாக நீங்கள் பார்ப்பது அதுதான். கோப்பு ஒவ்வொன்றையும் விரிக்காமலே முழு மரமும் ஒரே பார்வையில் தெரிகிறது.

இடம் மாறும் கிளைகள்

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மரம் அப்படியே நிற்பதில்லை. நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓசூரும் கிருஷ்ணகிரியும் ஒரு காலத்தில் சேலம் மாவட்டம். 1965-ல் தர்மபுரி மாவட்டத்துக்குப் போயின. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு எல்லாம் 1997-ல் நாமக்கல் மாவட்டமாகப் பிரிந்தன. 2011-ல் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இன்று 38. ராசிபுரத்துக் கிராமம் எதுவும் இடத்தைவிட்டு ஓர் அடி நகரவில்லை. ஆனால் பட்டியலில் அதன் முகவரி மாறிவிட்டது.

ஒவ்வொரு கிராமத்தோடும் முழு வழியையும் எழுதி வைத்திருந்தால், மாவட்டம் பிரியும்போது ஆயிரக்கணக்கான வரிகளைத் திருத்த வேண்டும். "உன் பெற்றோர் யார்" என்பதை மட்டும் வைத்திருந்தால், வட்டத்தின் ஒரே ஒரு வரியைத் திருத்தினால் போதும், அதன் கீழுள்ள அத்தனையும் கூடவே வந்துவிடும். தேடல் வேகத்துக்காக முழு வழியையும் சேர்த்து வைப்பதில் தவறில்லை. ஆனால் உருப்படியின் அடையாளம் அந்த வழியாக இருக்கக் கூடாது. 2011 கணக்கெடுப்பில் கிராமங்களுக்குத் தனியாக ஆறு இலக்க எண் கொடுத்ததன் பயன் இதுதான். அப்பா மாறினாலும் பிள்ளையின் பெயர் மாறாது.

மாணவர்களுக்கு

தம்பி தங்கைகளே, கல்லூரி ப்ராஜெக்டில் நீங்கள் இருபது வரி போட்டுச் சோதிப்பீர்கள். எல்லாம் வேகமாகத்தான் ஓடும். ஒரு முறையாவது ஆறு லட்சம் வரி போட்டுப் பாருங்கள். தட்டியதும் பத்தில் ஒரு விநாடிக்குள் வந்தால் உடனே வந்ததுபோல இருக்கும். ஒரு விநாடிவரை எண்ண ஓட்டம் அறாது. பத்து விநாடி ஆனால் மனசு வேறு வேலைக்குப் போய்விடும். இந்த அளவுகளை 1968-லேயே ராபர்ட் மில்லர் என்பவர் எழுதிவிட்டார், கணிப்பொறிகள் எவ்வளவோ மாறியும் மனிதன் மாறவில்லை. நேரம் ஆகும் என்றால் "வந்துகொண்டிருக்கிறது" என்று எழுதிக் காட்டுங்கள். வெள்ளைத் திரையை மட்டும் காட்டாதீர்கள். அதைப் பார்த்து, "இந்த வயசுல நமக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது" என்று எழுந்து போகிற அனுபவசாலிகள் எத்தனையோ பேர். மெதுவாக இருப்பது மென்பொருள்தான், தான் அல்ல என்று அவர்களுக்குத் தெரியாது.

வேகம் வந்த பிறகு இன்னொரு சோதனை செய்யுங்கள். கடைசிக் கிளையின் கடைசி வரியைத் தேடிப் போங்கள். அது திரையில் வருகிறதா? எண்ணிக்கை பொருந்துகிறதா? இந்தச் சோதனைக்குப் புதுக் கருவியும் வேண்டாம், பெரிய படிப்பும் வேண்டாம். பொறுமை வேண்டும். நம் வேலையை நம்பி யாரோ ஒருவர் "இருக்கிறது" என்றும் "இல்லை" என்றும் சொல்லப்போகிறார் என்ற நினைப்பு வேண்டும்.